வெடிக்கும் வெள்ளரிப்பழம்: மதுரை வீடுகளில் சாப்பிட்டால்தான் மதுரை வயல்களில் நிலைக்கும்

சித்திரை மாதம் வந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள சாலைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். வேப்பமர நிழலில் சாக்கை விரித்து, தோல் வெடித்து வெளிர் சதை தெரியும் வெள்ளரிப்பழங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு கூடையில் வெள்ளரிப்பிஞ்சும் இருக்கும். பேருந்தில் போகும்போதே பழத்தின் மணம் நம்மை வந்து தொடும். ஆனால் நாம் எத்தனை பேர் இறங்கி வாங்குகிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன் மேலூர் பக்கம் வயல் ஆய்வுக்குச் சென்றிருந்தேன். நெல் அறுவடை முடிந்த வயலில் முப்பது சென்ட் அளவுக்கு வெள்ளரி போட்டிருந்தார் ஓர் அம்மா. காலையில் சந்தைக்குக் கொண்டுபோன பழத்தில் பாதி விற்காமல் திரும்பி வந்திருந்தது. மறுநாள் வரை தாங்காது என்பதால் ஆட்டுக்கு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். "வீட்ல பிள்ளைங்க சாப்பிடலையாம்மா?" என்று கேட்டேன். "இதெல்லாம் அதுகளுக்குப் பிடிக்கிறதில்ல மேடம். பாட்டில்ல விக்கிற கலர்தான் கேக்குதுக. அடுத்த வருசம் இதப் போடுறதா இல்ல, விதையும் எடுத்து வைக்கல" என்றார்.

அவர் கடைசியாகச் சொன்ன சொல்தான் எனக்குக் கவலையைத் தந்தது. தலைமுறையாக எடுத்து வைத்த விதை ஒரு வீட்டில் நின்றுபோனால், அந்த ரகம் அந்த ஊரிலிருந்தே போய்விடலாம். வெளியூர் சந்தைக்குப் போக முடியாத பழம் இது. அது விளையும் இடத்தில் இருப்பவர்கள் சாப்பிட்டால்தான் உண்டு. எனவே இந்தக் கட்டுரை விளைவிப்பவர்களுக்கும் வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

மூன்று பழங்கள், இரண்டு குடும்பக் கிளைகள்

கோடையில் நாம் வாங்கும் பழங்களில் தர்பூசணி, முலாம்பழம், வெள்ளரிப்பழம் மூன்றும் பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் தர்பூசணி தனி இனம். முலாம்பழமும் வெள்ளரிப்பழமும் ஒரே இனத்தைச் சேர்ந்த இரு வகைகள். கிர்ணிப்பழம் என்று பழரசக் கடைகளில் சொல்வதும் முலாம்பழத்தைத்தான்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. பெயரில் வெள்ளரி இருப்பதால் வெள்ளரிப்பழம் என்பது முற்றிய வெள்ளரிக்காய் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. கடையில் சாலட்டுக்கு வாங்கும் பச்சை வெள்ளரிக்காய் வேறு இனம். அதன் குரோமோசோம் எண்ணிக்கை 14. வெள்ளரிப்பழம், முலாம்பழம் ஆகியவற்றின் குரோமோசோம் எண்ணிக்கை 24. எனவே வெள்ளரிக்காயும் வெள்ளரிப்பழமும் பக்கத்துப் பக்கத்து வயலில் இருந்தாலும் ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் வெள்ளரிப்பழமும் முலாம்பழமும் எளிதாகக் கலந்துவிடும். விதை எடுக்கும் விவசாயிகள் இதை மனதில் வைக்க வேண்டும். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

வெள்ளரிப்பழத்தின் அடையாளம் அது வெடிப்பதுதான். பழுக்கும்போது தோல் மெலிதாகி, நீளவாக்கில் பிளந்து, உள்ளே வெந்த மாவு போன்ற சதை வெளியே தெரியும். அதனால்தான் வாழைச் சருகிலோ ஓலையிலோ சுற்றி விற்கிறார்கள். முலாம்பழத்தைப் போல் இதில் அதிக இனிப்பு இருக்காது. நன்கு விளைந்த முலாம்பழத்தில் இனிப்பின் அளவு 10 பிரிக்ஸுக்கு மேல் இருக்கும். வெள்ளரிப்பழத்தில் பெரும்பாலும் அதில் பாதிதான். இதன் சிறப்பு இனிப்பில் இல்லை, மணத்திலும் மென்மையிலும்தான் இருக்கிறது.

வெடிப்பதே பலம், வெடிப்பதே பலவீனம்

ஒரு பழம் பெரிய கடைகளின் அலமாரிக்குப் போக வேண்டுமென்றால் பறித்தபின் பல நாள் தாங்க வேண்டும், லாரியில் அடுக்கினால் நசுங்கக் கூடாது, எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். தடித்த தோல் கொண்ட தர்பூசணி இதற்கெல்லாம் பொருந்துகிறது. அதனால் வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போகிறது. வெள்ளரிப்பழமோ வெடித்தபின் ஓரிரு நாள்தான் தாங்கும். அதன் சந்தை என்பது விளைந்த வயலிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேரக்கூடிய தூரம் மட்டுமே. மேலூரில் விளைந்தது மதுரையில் விற்க வேண்டும். திருப்புவனத்தில் விளைந்தது மானாமதுரையிலோ மதுரையிலோ விற்க வேண்டும்.

வணிகர்களுக்குப் பிடிக்காத இந்தப் பழம் பயிர்ப் பெருக்க விஞ்ஞானிகளுக்கு மிகவும் வேண்டிய பழம் என்பது பலருக்கும் தெரியாது. 1920களின் நடுவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கில் முலாம்பழப் பயிரைச் சாம்பல் நோய் கடுமையாகத் தாக்கியது. அங்கிருந்த ரகங்கள் எதுவும் தாங்கவில்லை. நோய் எதிர்ப்புத் திறன் இந்தியாவிலிருந்து பெறப்பட்ட விதையில்தான் கிடைத்தது. அந்தத் திறனைத் தங்கள் ரகத்தோடு சேர்த்து 1930களில் அவர்கள் வெளியிட்ட 'பவுடரி மில்டியூ ரெசிஸ்டன்ட் 45' என்ற ரகம் அந்த நாட்டு முலாம்பழச் சாகுபடியைக் காப்பாற்றியது. பிற்காலத்திலும் அடிச்சாம்பல் நோய், நச்சுயிரி நோய், அசுவினி ஆகியவற்றைத் தாங்கும் திறன் இந்திய வெள்ளரிப்பழ வகைகளில் கண்டறியப்பட்டுப் பல நாடுகளின் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டு வருகிறது.

நமது ஊர்களில் எந்த மருந்தும் அடிக்காமல், வெயிலிலும் வறட்சியிலும், பூச்சி நோய்களுக்கு நடுவில் பல நூறு ஆண்டுகள் விளைந்து தேறிய விதை இது. அதை உறைகுளிர் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் விதை வங்கிகள் உண்டு. ஆனால் பெட்டியில் உள்ள விதை மாறிவரும் வெயிலையும் புதிய நோயையும் சந்திப்பதில்லை. வயலில் ஆண்டுதோறும் விதைக்கப்படும் விதைதான் அவற்றைச் சந்தித்துப் பழகும். வாங்குபவர் இருந்தால்தான் விவசாயி விதைப்பார்.

தட்டில் நமக்கு என்ன கிடைக்கிறது?

இந்த மூன்று பழங்களிலும் முதன்மையாக இருப்பது நீர். தர்பூசணியிலும் முலாம்பழத்திலும் எடையில் 90 சதவீதம் அளவுக்கு நீர்தான். அதனால் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் கலோரி குறைவு. 100 கிராம் தர்பூசணியில் சுமார் 30 கலோரியும், 100 கிராம் முலாம்பழத்தில் சுமார் 34 கலோரியும் உள்ளன.

வைட்டமின்களைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றல்ல. ஆரஞ்சு நிறச் சதை கொண்ட முலாம்பழத்தில் 100 கிராமுக்கு 35 மில்லிகிராமுக்கும் சற்று அதிகமாக வைட்டமின் சி உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்களுக்கு 65 மில்லிகிராமும் தேவை. ஆக 200 கிராம் முலாம்பழத்திலேயே ஒரு நாள் தேவை ஏறத்தாழ நிறைவாகிவிடுகிறது. ஆரஞ்சு நிறத்தைத் தரும் பீட்டா கரோட்டின் நம் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. பார்வைக்கும் நோய் எதிர்ப்புக்கும் இது தேவை. சிறிதளவு கொழுப்பு சேர்ந்தால்தான் கரோட்டின் நன்கு உறிஞ்சப்படும். எனவே சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுவதோ, தேங்காய்ப்பால் சேர்த்துச் சாப்பிடுவதோ நல்லதே.

தர்பூசணியின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் லைகோபீன் என்ற நிறமி. தக்காளியின் சிவப்புக்கும் இதுவே காரணம். இது உடல் செல்களைச் சிதைவிலிருந்து காக்க உதவும் பொருளாகும்.

வெள்ளரிப்பழத்தின் சதை பெரும்பாலும் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். எனவே முலாம்பழத்தில் உள்ள அளவு கரோட்டினை இதில் எதிர்பார்க்கக் கூடாது. நீர், பொட்டாசியம், சிறிதளவு நார்ச்சத்து, குறைந்த சர்க்கரை ஆகியவைதான் இதன் பலன். பல் இல்லாத முதியவர்களும் மென்று சிரமப்படாமல் சாப்பிடக்கூடிய பழம் இது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் பசி மந்தமாக இருப்பவர்களுக்கும் எளிதில் இறங்கும்.

'குளிர்ச்சி' என்று நம் வீடுகளில் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த நீர்தான். வெயிலில் வியர்வையாக வெளியேறும் நீரை ஈடுசெய்ய இப்பழங்கள் உதவுகின்றன. ஆனால் வியர்வையில் உப்பும் வெளியேறுகிறது. இப்பழங்களில் சோடியம் மிகக் குறைவு. எனவே களை எடுக்கவோ, கட்டட வேலைக்கோ போய் மணிக்கணக்கில் வெயிலில் நிற்பவர்கள் பழம் மட்டும் சாப்பிட்டால் போதாது. கூடவே உப்புப் போட்ட நீர்மோரோ, நீராகாரமோ, தண்ணீரோ நிறையக் குடிக்க வேண்டும். தலைசுற்றல், குழப்பம், உடல் கொதிப்பு இருந்தால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். பழம் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

எவ்வளவு சாப்பிடலாம்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவு உண்பவர் நாளொன்றுக்கு 100 கிராம் பழமும் 400 கிராம் காய்கறியும் சாப்பிட வேண்டும் என்று பரிந்துரைத்துள்ளது. நமது பல வீடுகளில் பழம் என்பது விருந்தாளி வரும்போதோ உடம்பு சரியில்லாதபோதோ வாங்கும் பொருளாகவே இருக்கிறது. கோடையில் மலிவாகக் கிடைக்கும் இப்பழங்களை ஒரு சிறு கிண்ணம், அதாவது 150 முதல் 200 கிராம் வரை, அன்றாடம் சேர்த்துக்கொண்டாலே அந்தக் குறை தீரும்.

நீரிழிவு உள்ளவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "தர்பூசணி சாப்பிடலாமா?" என்பதுதான். தர்பூசணியின் சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏறக்கூடியது என்பது உண்மை. ஆனால் நீர் அதிகம் என்பதால் 100 கிராமில் உள்ள சர்க்கரையே 6 கிராம் அளவுதான். எனவே அளவுதான் முக்கியம். ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டு, அதைச் சாறாக்காமல் துண்டுகளாகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் வராது. முலாம்பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 8 கிராம் சர்க்கரை. வெள்ளரிப்பழம் இவற்றைவிட இனிப்புக் குறைந்தது. ஆனால் அதில்தான் நாம் கை நிறைய நாட்டுச்சர்க்கரையைக் கொட்டிச் சாப்பிடுகிறோம்! நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக் கூடாது. மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெறுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். முலாம்பழத்தில் 100 கிராமுக்கு 260 மில்லிகிராமுக்கும் மேல் பொட்டாசியம் உள்ளது. மற்றவர்களுக்கு நன்மை தரும் இதே பொட்டாசியம், சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாதவர்களுக்கு ஆபத்தாகலாம். இவர்கள் மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே சாப்பிட வேண்டும்.

குளிர்பானத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். இனிப்புக் குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி பாட்டிலைக் குடித்தால் 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. வாங்கும்போது பாட்டிலின் மேல் அச்சிட்டுள்ள விவரத்தை நீங்களே படித்துப் பாருங்கள். 200 கிராம் தர்பூசணியில் இருப்பது ஏறத்தாழ 12 கிராம். அதோடு வைட்டமினும் தாது உப்பும் சேர்ந்து வருகின்றன.

அன்றாட உணவில் சேர்க்கும் வழிகள்

பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று மேலூர் அம்மா சொன்னார் அல்லவா? வெள்ளரிப்பழத்தை வெறுமனே வெட்டிக் கொடுத்தால் சப்பென்றிருக்கும். கொஞ்சம் கை வைத்தால் அதே பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

• காலையில்: வெள்ளரிப்பழச் சதையைக் கையால் பிசைந்து, கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு ஏலக்காய், சிறிதளவு கருப்பட்டிப் பாகு சேர்த்துக் கிண்ணத்தில் கொடுக்கலாம். இட்லி, தோசையோடு ஒரு கிண்ணம் வைத்தால் போதும்.

• முற்பகலில்: வயலுக்கோ வேலைக்கோ போகிறவர்கள் வெள்ளரிப்பிஞ்சை உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிடலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு தர்பூசணித் துண்டில் மிளகுத்தூள் தூவிக் கொடுக்கலாம்.

• மதியத்தில்: நன்கு பழுக்காத வெள்ளரிப்பழத்தைப் பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைக்கலாம், சாம்பாரிலும் போடலாம். தர்பூசணியின் சிவப்புச் சதைக்கும் பச்சைத் தோலுக்கும் நடுவில் உள்ள வெள்ளைப் பகுதியைத் தூக்கி எறிய வேண்டாம். சுரைக்காய் போலவே பொரியலும் கூட்டும் செய்யலாம்.

• மாலையில்: முலாம்பழத்தைச் சாறாக்கினால் சர்க்கரையும் ஐஸ் கட்டியும் சேர்க்கத் தோன்றும். நன்கு பழுத்த பழத்துக்குச் சர்க்கரை தேவையே இல்லை. துண்டுகளாகச் சாப்பிட்டால் நார்ச்சத்தும் கிடைக்கும்.

• விதை: முலாம்பழ, வெள்ளரிப்பழ விதைகளைக் கழுவிக் காயவைத்து, தோல் நீக்கி, வறுத்துச் சாப்பிடலாம். இந்த விதைப் பருப்பில் புரதமும் நல்ல கொழுப்பும் உள்ளன. கடைகளில் இனிப்புகளின் மேல் தூவி விற்பது இதைத்தான். விதைப்பதற்காக மருந்து கலந்து விற்கும் விதையை ஒருபோதும் உண்ணக் கூடாது.

பார்த்து வாங்குவதும் கழுவி வெட்டுவதும்

முலாம்பழமும் தர்பூசணியும் பறித்தபின் இனிப்புக் கூடாது. மாம்பழம், வாழைப்பழம் போல இவற்றில் சர்க்கரையாக மாறுவதற்கு மாவுச்சத்து சேமிப்பு இல்லை. பறித்த முலாம்பழம் மென்மையாகும், மணம் கூடும், இனிப்பு மட்டும் ஏறாது. எனவே முற்றிய பழத்தைப் பார்த்து வாங்க வேண்டும். முலாம்பழத்தில் காம்பு இருந்த இடம் சுத்தமாகக் கழன்று குழியாக இருக்க வேண்டும், முகர்ந்தால் மணக்க வேண்டும். தர்பூசணியில் தரையில் கிடந்த பக்கம் வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாக இருக்க வேண்டும், அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும். வெள்ளரிப்பழம் புதிதாக வெடித்ததாக, புளித்த வாடை இல்லாததாக இருக்க வேண்டும். வெடிப்பில் ஈ மொய்த்துக் கிடந்தால் வாங்க வேண்டாம்.

இப்பழங்களில் புளிப்பு இல்லை. எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் அமிலம் இருப்பதால் கிருமி எளிதில் பெருகாது. தர்பூசணி, முலாம்பழம், வெள்ளரிப்பழம் ஆகியவற்றில் வெட்டிய பின் கிருமி வேகமாகப் பெருகும். தரையில் கிடந்து விளையும் பழம் என்பதால் தோலில் மண்ணும் கிருமியும் ஒட்டியிருக்கும். வெட்டும்போது கத்தி அவற்றைச் சதைக்குள் கொண்டுபோய்விடும். 2011இல் அமெரிக்காவில் கிருமி தொற்றிய முலாம்பழத்தைச் சாப்பிட்ட 147 பேர் நோய்வாய்ப்பட்டனர், அவர்களில் 33 பேர் இறந்தனர். அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கீழ்க்கண்ட எளிய பழக்கங்களே போதும்.

1. வெட்டுவதற்கு முன் முழுப் பழத்தையும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் துடைக்கவும். முலாம்பழத்தின் வலைப்பின்னல் தோலைத் தூரிகையால் தேய்க்கவும். சோப்பு தேவையில்லை.

2. மீன், கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

3. வெட்டிய பழத்தை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். மதுரைக் கோடையில் பெரும்பாலான பகல் பொழுது அப்படித்தான் இருக்கும். மீதியை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்.

4. சாலையோரத்தில் வெட்டி வைத்துள்ள துண்டுகளைவிட, கண்ணெதிரே வெட்டித் தருவதை வாங்கவும். முழுப் பழம் வாங்கி வீட்டில் வெட்டுவது இன்னும் நல்லது.

5. வெள்ளரிப்பழம் தானே வெடித்துவிடுவதால் அதை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும். சாப்பிடுவதற்கு முன் வெடிப்பின் விளிம்பில் தூசி படிந்த சதையை வழித்து எடுத்துவிடவும்.

வதந்தி எப்படி வயலை அழிக்கும்?

2025 கோடையில் தமிழகத் தர்பூசணி விவசாயிகள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. பழத்துக்குள் ஊசி மூலம் சிவப்புச் சாயம் ஏற்றப்படுவதாகச் செய்தி பரவி, அறுவடை உச்சத்தில் விற்பனை சரிந்தது. வாங்க ஆளின்றிப் பழங்களை வயலிலேயே விட்டவர்கள் உண்டு. தர்பூசணியின் சிவப்பு இயற்கையான லைகோபீன் நிறமிதான். ஊசி குத்தினால் அந்தத் துளை வழியாகக் கிருமி புகுந்து பழம் விரைவில் அழுகும். சாயமும் சதை முழுவதும் சீராகப் பரவாது. வெள்ளைத் துணியில் தேய்த்தால் சாறோடு சேர்ந்து இளஞ்சிவப்பு ஒட்டுவதை மட்டும் பார்த்து கலப்படம் என்று முடிவு கட்டக் கூடாது. உண்மையான ஐயம் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்து ஆய்வகத்தில் சோதிக்கச் செய்யலாம். நம்பகமற்ற காணொளியை நாலு பேருக்கு அனுப்பும் முன், மூன்று மாத உழைப்பை வயலில் வைத்திருக்கும் விவசாயியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

விளைவிக்கும் விவசாயிகளுக்கு

நுகர்வோர் மீண்டும் வர வேண்டுமென்றால் நாம் கொடுக்கும் பழமும் நன்றாக இருக்க வேண்டும்.

விதைப்பு: தை மாதம் விதைத்தால் சித்திரையில் பழம் எடுக்கலாம். அப்போதுதான் வெயிலும் திருவிழாக் கூட்டமும் சேர்ந்து தேவை அதிகமாக இருக்கும். எல்லா நிலத்தையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளியில் மூன்று முறையாகப் பிரித்து விதையுங்கள். ஒரே நாளில் பழம் குவிந்து ஆட்டுக்குப் போவதைத் தவிர்க்க இதுவே சிறந்த வழி.

பாசனம்: பழம் முற்றும் தருணத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். கடைசி வாரத்தில் அதிக நீர் பாய்ச்சினால் இனிப்பும் மணமும் குறையும். வெள்ளரிப்பழம் பழுக்கும் முன்பே வெடித்துவிடும்.

பழ ஈ: இப்பயிரின் முதல் எதிரி பழ ஈதான். ஈ குத்திய பிஞ்சுகளை வயலில் போடாமல் பொறுக்கி, ஆழமாகப் புதைக்க வேண்டும். இதற்கான இனக்கவர்ச்சிப் பொறிகளைப் பூக்கும் காலத்திலிருந்தே வைக்க வேண்டும். கந்தகத் தூளையும் தாமிரத் தூளையும் தூவ வேண்டாம், பூசணிக் குடும்பப் பயிர்களின் இலை கருகிவிடும்.

தேனீ: காய் பிடிப்பது தேனீயால்தான். பூக்கள் காலையில் மலரும். காலை நேரத்தில் பூச்சிமருந்து தெளித்தால் தேனீ சாகும், காய் குறையும், உள்ள காயும் கோணலாகும். தெளித்தே ஆக வேண்டுமென்றால் மாலையில் தெளிக்கவும். மருந்தின் உறையில் குறிப்பிட்ட காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே பழம் பறிக்க வேண்டும். பிஞ்சைப் பச்சையாகத் தோலோடு சாப்பிடுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அறுவடை: வெள்ளரிப்பழத்தை முழுதும் வெடிக்கும் வரை விடாமல், நிறம் மாறி, மணம் வந்து, தோலில் முதல் கீறல் தெரியும்போது அதிகாலையில் பறிக்கவும். நிழலில் வைத்து, சுத்தமான வாழைச் சருகிலோ ஓலையிலோ சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கூடையில் கொண்டு செல்லவும். அடியில் வைக்கோல் பரப்பினால் பழத்தில் மண் ஒட்டாது.

விற்பனை: தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நமது மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கப்பட்டது. இடைத்தரகர் இன்றி, பறித்த சில மணி நேரத்தில் நுகர்வோர் கைக்குப் பழம் போய்ச் சேர வேண்டிய வெள்ளரிப்பழத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அடையாள அட்டை இல்லாதவர்கள் பெற்றுக்கொள்ளலாம்.

விதை சேகரிப்பு: வெள்ளரிப்பழமும் முலாம்பழமும் கலந்துவிடும் என்று முதலில் சொன்னேன். பக்கத்து வயலில் வீரிய முலாம்பழம் இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்தப் பழம் பார்க்க நன்றாக இருந்தாலும் அதன் விதையிலிருந்து அடுத்த ஆண்டு வருவது கலப்பாக இருக்கும். இதைத் தடுக்க, மாலையில் மறுநாள் மலரப்போகும் பெண் பூ மொட்டையும், அதே ரகத்தின் வேறொரு செடியில் ஆண் பூ மொட்டையும் காகித உறையால் மூடவும். அடியில் சிறு பிஞ்சு இருப்பது பெண் பூ. மறுநாள் காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவி, மீண்டும் மூடி, காம்பில் வண்ண நூல் கட்டவும். குறைந்தது பத்துப் பதினைந்து செடிகளில் இப்படிச் செய்தால் ரகத்தின் வீரியம் குறையாது. நூல் கட்டிய பழம் நன்கு பழுத்தபின் விதையை எடுத்து, ஒரு நாள் சதையோடு ஊறவிட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்கவும்.

கேரளம் காட்டிய வழி

திருச்சூர் மாவட்டம் கொடுங்கல்லூர்ப் பகுதியில் இதே வகைப் பழத்தைப் பொட்டுவெள்ளரி என்கிறார்கள். அங்கும் இது வெடிக்கும் பழம்தான், அதிக நாள் தாங்காததுதான். ஆனால் கோடையில் அதன் சாற்றைத் தேடிப்போய்க் குடிக்கும் பழக்கம் அந்தப் பகுதி மக்களிடம் தொடர்கிறது. 2022இல் கொடுங்கல்லூர் பொட்டுவெள்ளரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளூர் மக்கள் விடாமல் சாப்பிட்டதால்தான் பயிர் நின்றது, பயிர் நின்றதால்தான் குறியீடு கேட்க முடிந்தது. வரிசை இதுதான். நாமும் முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த முதல் படி மிகச் சிறியது. இந்தக் கோடையில் வாரத்தில் இரண்டு நாள் குளிர்பானத்துக்குப் பதில் ஒரு வெள்ளரிப்பழம் வாங்குங்கள். விற்பவரிடம் எந்த ஊர் விதை என்று கேளுங்கள். விவசாயிகளாக இருந்தால் சந்தைக்குப் போகும் கூடையிலிருந்து ஒரு நல்ல பழத்தை முதலில் வீட்டுக்கு எடுத்து வையுங்கள், விதைக்கு என்று இன்னொன்றில் நூல் கட்டுங்கள்.

மேலூர் அம்மா வீட்டில் விதை இல்லாமல் போன மறு ஆண்டு, அதே ஊரில் இன்னொரு வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி விதை வாங்கிக் கொடுத்தோம். அவர் இப்போது பத்து சென்டில் மட்டும், மூன்று தவணையாகப் பிரித்து விதைக்கிறார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கொடுத்ததில் அவர் பேரப்பிள்ளைகள் சாப்பிடத் தொடங்கிவிட்டார்களாம்.

உங்கள் பகுதியில் பழைய வெள்ளரிப்பழ ரகம் இருந்தால் அதன் விதையோடு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ தோட்டக்கலைத் துறை அலுவலகத்தையோ அணுகுங்கள். சாகுபடி, விதை உற்பத்தி குறித்த ஆலோசனைகளை அங்கே கட்டணமின்றிப் பெறலாம்.